சக்கரபாணி சைபர்

“நான் வெச்ச முள்ளு பொய் சொன்னதா சரித்திரமே கிடையாது. ஒரே ஒரு முள்ளு, ஒரே ஒரு தடவை பொய் சொல்லுச்சுன்னு எவனாவது காட்டட்டும். இந்த மீசையை அன்னிக்கே எடுத்துடறேன்.”

மரக்காணத்தின் விமானத்துறை வரலாற்றில் முதலும் கடைசியுமான இந்தப் பிரகடனம், ஈசிஆர் ரோட்டோரம் அந்தோணிராஜின் டீக்கடையில் வெளியிடப்பட்டது. அப்போது உடனிருந்தவர்கள் கடைக்காரர் அந்தோணிராஜ், உப்பு லாரி ஓட்டும் தங்கராசு, எண்ணெயில் பாதி வெந்துகொண்டிருந்த ஒரு ஈடு மெதுவடை. வடை பிறகு சாட்சி சொல்லும் நிலையில் இல்லை. மற்ற இருவரும் இன்றுவரை வார்த்தை மாறாமல் சொல்கிறார்கள்.

பிரகடனம் செய்த சக்கரபாணிக்கு நாற்பது தாண்டிய வயது. விமானத்தில் ஏறியதில்லை, ஏறும் உத்தேசமும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் பார்ப்பதற்கா விமானம் என்று கேட்பார். அவருக்கு வேண்டியது அதன் முன்பக்கம் மட்டும்தான். விமானி எதிரே உட்கார்ந்து பார்க்கும் அந்தப் பலகை, பலகையில் வட்ட வட்டமாய் மீட்டர்கள், மீட்டருக்குள் முள். மீதி விமானம் அவரைப் பொறுத்தவரை அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு போகிற வண்டி.

பந்தயத்தில் வைக்கப்பட்ட பொருள் என்பதால் மீசையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இரண்டு முனையும் லேசாக மேல்நோக்கித் திரும்பிய மீசை. உப்பளத்துக் காற்றில் மதியத்துக்குள் நரைத்துவிடும், சாயங்காலம் குளித்தால் மறுபடி கறுத்துவிடும். பெண் பார்க்க வந்தபோது அந்த மீசைக்குத்தான் தலையாட்டியதாக அவர் மனைவி அமராவதி சொல்வதுண்டு. “ஆளு கூடவே வந்துடுச்சு, இன்னா பண்றது” என்று முடிப்பார்.

தொழிலால் சக்கரபாணி பம்பு செட் மெக்கானிக். கழிமுகத்து நீரை உப்புப் பாத்திகளுக்கு ஏற்றும் டீசல் இன்ஜின்கள் அவருடைய நோயாளிகள். எங்கே ஒரு இன்ஜின் நின்றாலும் வரப்பின் மேல் யாரோ ஒருவர் அவர் பேரைக் கூவிக்கொண்டு ஓடி வருவதைக் காணலாம். உப்புக்காற்று இந்த ஊரில் எதையும் விட்டுவைப்பதில்லை. போல்ட்டைத் தின்னும், தகரத்தைத் தின்னும், மீட்டர் கண்ணாடியைக் கண்புரை விழுந்த கண்போல ஆக்கிவிடும். மரக்காணத்தில் துருப்பிடிக்காதவை இரண்டே. ஒன்று உப்பு, மற்றொன்று தங்கராசின் வாய்.

இந்தத் தொழிலில் சக்கரபாணி உலகுக்கு வழங்கிய கொடை ஒன்று உண்டு. டீசல் இன்ஜினில் எண்ணெய் சுத்தமாகத் தீர்ந்துவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துகொள்ளும். பிறகு டீசல் ஊற்றினாலும் இன்ஜின் கிளம்பாது. மெக்கானிக் வந்து காற்றைப் பிடுங்க வேண்டும். மெக்கானிக் எப்போதும் சாப்பாட்டில் கை வைத்த நேரம் பார்த்துத்தான் காற்று புகும். நாலைந்து தடவை கழுவாத கையோடு வரப்பில் ஓடிய பிறகு சக்கரபாணி ஒரு முடிவுக்கு வந்தார். அவர் கைபட்ட எல்லா டாங்கிலும் அளவுக்கோட்டின் சைபரை அடியிலிருந்து நாலு விரல் உயர்த்தி வரைந்துவிட்டார். கோடு சைபர் காட்டினாலும் உள்ளே நாலு விரல் டீசல் இருக்கும். பதறி ஓடிப்போய் ஊற்றுவார்கள், காற்று புகாது, சாப்பாடு ஆறாது.

முதல் வருடம் பதறினார்கள். அடுத்த வருடம் விஷயம் புரிந்துவிட்டது. கூனிமேட்டிலிருந்து இந்தப் பக்கம் உப்பளம் முழுக்க அதற்கு ‘சக்கரபாணி சைபர்’ என்றே பெயர். “டீசல் ஆயிப்போச்சுப்பா!” என்று ஒருவர் கத்தினால், “நிஜ சைபரா, சக்கரபாணி சைபரா?” என்று மற்றவர் கேட்பார். பின்னது என்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு பீடி பிடித்துவிட்டுப் போவார்கள். இதைச் சக்கரபாணி ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டார். ஒருவர் பேரில் தெரு இருக்கலாம், பள்ளிக்கூடம் இருக்கலாம். சைபர் இருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இப்பேர்ப்பட்டவர் விமானத்துக்குள் வந்தது அந்தோணிராஜால். அந்தோணிராஜின் கடைக்குப் பின்னறையில் ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆளுக்கொரு போன் வந்ததும் அது படுத்துவிட்டது. முன்னறையில் டீ கொதிக்க ஆரம்பித்தது, பின்னறைக் கம்ப்யூட்டர்களில் ஒன்று சக்கரபாணி வீட்டுக்குப் போனது. அதற்குள் யாரோ போட்டுவைத்த விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. விளையாட்டு என்று சொன்னால் சக்கரபாணிக்குக் கோபம் வரும். சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் அதைத் திறந்தவர் விமானத்தைக் கிளப்பவே இல்லை. மீட்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமராவதியைக் கூப்பிட்டார்.

“இதைப் பாரு. இன்ஜின் ஓடுது. ஆயில் முள்ளு ஆடாம நிக்குது. செத்துப்போனவன் நாடி மாதிரி.”

“பொம்மைதானேங்க?”

“பொம்மைன்னா? பொய் சொல்லலாமா?”

அன்று தொடங்கியது. உலகில் பல ஊர்களில், சம்பளமில்லாமல், சொந்த ஆசைக்காக இந்த சிமுலேட்டருக்கு விமானம் செய்து இலவசமாய்க் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார். அப்படி ஒரு குழுவைப் புதுச்சேரியில் நடத்திவந்தார் ஜெயசீலன். பகலில் பேங்க் வேலை, மற்ற நேரத்தில் விமானத் தொழிற்சாலை. பழைய ரெட்டை இன்ஜின் பயணிகள் விமானம் ஒன்றைக் குழு செய்துகொண்டிருந்தது. உடம்பை ஒருவர் செய்தார், சத்தத்தை ஒருவர் செய்தார். பேனல் செய்ய ஆள் வேண்டும் என்று அறிவித்தார்கள். பேனல் என்றால் மீட்டர் படம் வரைவது மட்டுமல்ல. எந்த அளவுக்கு முள் எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கையும் எழுத வேண்டும். சக்கரபாணி கை தூக்கினார்.

வந்த முதல் பேனலைப் பார்த்து ஜெயசீலன் போன் செய்தார்.

“வேலை நல்லா இருக்குதுங்க சக்கரபாணி. ஆனா ஸ்க்ரூ எல்லாம் ஏன் துரு பிடிச்சிருக்குது?”

“கடலோரம் பறக்கிற விமானம்தானே சார்?”

“விமானங்க அது. துரு இருந்தா பறக்கவே விட மாட்டாங்க.”

“அப்ப நீங்க துருவே பிடிக்காத ஸ்க்ரூவைப் பாத்திருக்கீங்களா?”

“என் வீட்ல எல்லாமே அப்படித்தாங்க இருக்குது.”

சக்கரபாணி இதை நம்பவில்லை. ஆனாலும் துருவை எடுத்தார். எடுத்த இடம் பளபளவென்று இருந்ததில் அவருக்குக் கண் கூசியது. கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் உழைத்த உழைப்பை வரலாறு பதிவு செய்தாக வேண்டும். எண்களின் வெள்ளையை மாற்றினார். சுண்ணாம்பு வெள்ளை வேறு, பாத்தியில் முதல் தடவை வாரும் உப்பின் வெள்ளை வேறு, இது இரண்டும் இல்லாமல் கொஞ்சம் பழுத்த வெள்ளை வேண்டும் என்றார். முள்ளின் தடிமனை ஒரு மயிரிழை குறைத்தார், பிறகு அரை மயிரிழை கூட்டினார். பம்பு ஷெட்டில் ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஆயில் மீட்டர் முள் எப்படி நடுங்குகிறது என்று போனில் படம் பிடித்தார். பாத்திக்காரர் வந்து, “இன்னா சக்கரபாணி, ரிப்பேரா?” என்று கேட்க, “இல்ல, நடிக்க வெச்சிருக்கேன்” என்றார். எல்லா முள்ளும் ஒரே மாதிரி நடுங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆயில் முள் பயந்தவன் போல நடுங்கும். உஷ்ண முள் கோபக்காரன் போல மெதுவாக ஏறும், இறங்க மனசே வராது.

“அது யாரைப் பாத்து செஞ்சதுன்னு தெரியுது” என்றார் அமராவதி.

இவ்வளவும் எதற்கு என்று தங்கராசு ஒருநாள் கேட்டார். சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, விமானமும் கிடையாது.

சக்கரபாணி மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “விமானத்தைத் திறந்தா முதல்ல ஒரு பக்கம் வரும். செஞ்சவங்க பேரு இருக்கும். ‘பேனல்: சக்கரபாணி, மரக்காணம்’னு போடறேன்னு ஜெயசீலன் சார் சொல்லியிருக்காரு. ஊர் பேரோட.”

“ஊர் பேரு எதுக்கு?”

“டிவியில எப்பப்பா நம்ம ஊர் பேரு வரும்? புயல் கரை கடந்தா வரும். எக்கியார்குப்பத்துல சாராயம் குடிச்சு செத்தாங்களே, அப்ப வந்துச்சு. சும்மா ஒரு நல்ல நாள்ல, ஒருத்தனும் சாகாம, ஒரு தடவை வரட்டுமே.”

தங்கராசின் துருப்பிடிக்காத வாய் அன்று மட்டும் பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த மௌனத்தின் உற்சாகத்தில்தான், அடுத்த நாள், மேலே கண்ட பிரகடனம் வெளியானது.

பிரகடனத்துக்கு முதல் சோதனை சீக்கிரமே வந்தது. பழைய விமானம்தான் என்றாலும் நடுவில் புதுத் திரை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதில் வேகத்தைக் காட்ட முள் கிடையாது. நெட்டுக்குத்தாக ஒரு பட்டை, பட்டையில் எண்கள், வேகம் கூடினால் பட்டை நகரும். சக்கரபாணி செய்து அனுப்பிய அன்றே ஜெயசீலனிடமிருந்து போன்.

“என்னங்க இது, பட்டை தலைகீழா ஓடுது? பெரிய நம்பரெல்லாம் கீழே இருக்குது!”

“பெரிய நம்பர் கீழேதானே சார் இருக்கும்?”

“உலகத்துல எந்த விமானத்துலங்க?”

விமானத்தில் இல்லைதான். ஆனால் மரக்காணத்தில் எந்தப் பாத்திக்குப் போனாலும், நீர் உப்பாகத் தயாரா என்று பார்க்க ஒரு கண்ணாடி மிதவையை உள்ளே விடுவார்கள். தண்ணீரில் உப்பு ஏற ஏற மிதவை மேலே எழும்பும். கீழே எழுதியிருக்கும் பெரிய எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். சின்ன எண் மேலே, பெரிய எண் கீழே. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, பெரிய எண் மேலே இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தினமும் மிதவை விட்டுப் பார்க்கும் அமராவதியும் திரையைப் பார்த்துவிட்டு, “சரியாத்தானே இருக்குது, அவருக்கு இன்னாவாம்?” என்று சான்றளித்தார்.

செய்தி டீக்கடைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. தங்கராசு சவரக் கத்தி வாங்கி வரட்டுமா என்றார். அந்தோணிராஜ் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு நீதிபதி ஆனார்.

“மீட்டரு தப்பு. மீசை போகணும். அவ்ளோதான்” என்றார் தங்கராசு.

“ஏம்பா, அதுல முள்ளு எங்கே இருக்குது?” என்றார் சக்கரபாணி. “அது பட்டை. நான் முள்ளைப் பத்தித்தான் சொன்னேன். அப்புறம், தலைகீழா நின்னாலும் அது சொன்ன வேகம் சரியான வேகம். நீ தலைகீழா நின்னா உம் பேரு வேறயா ஆயிடுமா?”

“இவன் பேசறான் பாரு, வக்கீலு மாதிரி!”

அந்தோணிராஜ் யோசித்தார். “உண்மையைத் தலைகீழா சொன்னது குத்தம்தான். பொய்யின்னு சொல்ல முடியாது. மீசை இருக்கட்டும்” என்று தீர்ப்பளித்து, தோற்ற கட்சிக்கு ஒரு வடை கொடுத்தார்.

ஜெயசீலனின் தீர்ப்பு அவ்வளவு இளகியதாக இல்லை. மறுநாள் போனில் அவர் குரல் தணிந்திருந்தது.

“மனசுல வெச்சுக்காதீங்க. முதல்ல துரு, இப்ப இது. கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் செஞ்ச பேனல் ரெடியா இருக்குது. குரூப்ல எல்லாரும் அதையே போட்டுடலாம்னு சொல்றாங்க. நான்தான் உங்களுக்காகப் பிடிச்சு வெச்சிருக்கேன். இன்னொரு தப்பு வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுங்க.”

“வராது சார்.”

வராமல் பார்த்துக்கொள்ள சக்கரபாணி செய்த காரியம் இது: எல்லா மீட்டரையும் முதலிலிருந்து திருப்பிச் சரிபார்த்தார். உப்பளத்திலிருந்து வந்து காலைக் கழுவியதும் உட்கார்ந்துவிடுவார். பட்டையைத் திருப்பிப் போட்டார். திருப்பிய பிறகு அவருக்கே தலை சுற்றியது. பழகும்வரை கழுத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தார். உயர மீட்டரைப் பெருமுக்கல் மலைக்கு மேலே வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முள்ளையும் இன்ஜின் தூங்கும்போது ஒன்று, விழித்திருக்கும்போது ஒன்று என்று இரண்டு நிலையில் விசாரித்தார். எரிபொருள் முள்ளையும் பார்த்தார். நிறைய இருந்தபோது நிறைய என்றது, பாதி இருந்தபோது பாதி என்றது. சைபர் நெருங்கும்போது அவர் விமானத்தை இறக்கிவிட்டார். எரிபொருள் தீரும் முன்பே இறங்குவது நல்ல விமானிக்கு அழகு. குழுவில் சோதித்துப் பார்த்த வேறு நாட்டுக்காரர்களும் நல்ல விமானிகள்தான். எல்லாரும் சைபருக்கு முன்பே ஒழுங்காக இறங்கினார்கள். ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஜெயசீலன் நாள் குறித்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை விமானம் வெளியாகும். முகப்புப் பக்கத்தின் படத்தையும் அனுப்பினார். ‘பேனல்: சக்கரபாணி, மரக்காணம்’. அதை அந்தோணிராஜின் கடைக் கண்ணாடியில் ஒட்டலாமா என்று தங்கராசே கேட்டார். வெளியாகட்டும், பிறகு ஒட்டலாம் என்று மீசை பதில் சொன்னது.

அதற்கு முந்தின ஞாயிறு காலை நல்ல மழை பெய்தது. உப்பளத்தில் மழை என்றால் வாரிய உப்பு போகும், வாராத உப்பு கரையும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். அமராவதி வீட்டில் இருந்தார். சோகமாக இருந்தார் என்றும் சொல்லலாம். அவர் கையால் வாரிக் குவித்த குவியல் ஒன்று ஓலை மூடுவதற்குள் பாதியாகிவிட்டது.

“வா, ஒரு சுத்து ஓட்டு” என்றார் சக்கரபாணி. “கடைசி டெஸ்ட்டு. எண்ணெய் கம்மியா போட்டிருக்கேன். சைபர் வந்தா சிவப்பு லைட்டு எரியுதான்னு பாக்கணும்.”

அமராவதி ஓட்டத் தெரியாதவரல்ல. தங்கராசு உட்கார்ந்தபோதெல்லாம் விமானம் நேராகக் கடலுக்குப் போனதால், வீட்டில் கிடைத்த ஒரே சோதனை விமானி அவர்தான். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புதுச்சேரியிலிருந்து கிளம்பினார். கடற்கரையோரமாக வடக்கே வந்தார். கூனிமேட்டைத் தாண்டினார்.

“நம்ம பாத்தி எங்கேங்க?”

“அதோ, சாம்பல் கலரா இருக்குதே.”

“அது நம்மளுதா? அதுல பச்சை பச்சையா இன்னாமோ முளைச்சிருக்குது! உப்பளத்துல மரமா?”

“சிமுலேட்டர்காரன் வரப்பைத் தோப்புன்னு நினைச்சுட்டான். அதைப் பாக்காத. மீட்டரைப் பாரு.”

“நான் எங்க பாத்தியைத்தான் பாப்பேன்.”

பாத்தியைத் தேடி ஒரு வட்டம் அடித்தார். பிறகு பெரிய வட்டம். கழுவெளி ஏரி மேலே போய்த் திரும்பினார். அந்த மரங்கள் அவரைக் கோபப்படுத்திவிட்டன போலிருந்தது. தாழ்ந்து பறந்து ஒவ்வொன்றாக முறைத்துப் பார்த்தார். எரிபொருள் முள் சரிந்துகொண்டே வந்து சைபரில் உட்கார்ந்தது. சிவப்பு லைட் எரிந்தது.

“எரியுது பாரு!” என்றார் சக்கரபாணி மகிழ்ச்சியாக. “போதும், இறக்கிடு.”

“இருங்க, இன்னொரு சுத்து.”

“சைபர் ஆயிடுச்சு அமராவதி. இன்ஜின் நின்னுடும்.”

“நிக்காது.”

“சிவப்பு லைட்டு எரியுதே!”

அமராவதி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: “நீங்க வெச்ச சைபர்தானேங்க? அதுக்கா பயப்படுவாங்க? ஒரு பீடி குடிச்சுட்டு வரலாம்.”

சொன்னபடியே இன்னொரு வட்டம் அடித்தார். இரண்டு இன்ஜினும் தெம்பாக ஓடின. ஆயில் முள் பயந்தவன் போல நடுங்கியது. உஷ்ண முள் கோபக்காரன் போல நின்றது. எரிபொருள் முள் மட்டும் சைபரில் சாய்ந்துகொண்டு, ஒரு சொட்டு இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது. அமராவதி கழுவெளியை மறுபடி சுற்றி, ஆற அமரப் புதுச்சேரிக்குத் திரும்பி, ஒரு குலுக்கலும் இல்லாமல் இறங்கி, ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அடுப்பில் சோறு கொதிப்பதைப் பார்க்க எழுந்து போனார். இன்ஜின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

சக்கரபாணி அவற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அவர் கணக்கைத் திறந்து பார்த்தார். பார்க்கவே தேவையில்லை. முள் சைபரில் நிற்க வேண்டிய இடத்தில், அடியிலிருந்து நாலு விரலுக்குச் சமமான எரிபொருளை, யோசிக்காமலே, கை தன் பாட்டுக்கு விட்டுவைத்திருந்தது. காற்று புகுந்துவிடுமே என்று.

முதலில் மீசைக்காக ஒரு வழக்கறிஞர் அவருக்குள் எழுந்து நின்றார். இருப்பதைக் குறைத்துச் சொல்வது பொய்யா? அது எச்சரிக்கை அல்லவா? உயிரைக் காப்பாற்றுகிற முள்ளைப் பொய் சொன்னது என்று எப்படிச் சொல்வது? அந்தோணிராஜின் கோர்ட்டில் நிச்சயம் ஜெயிக்கக்கூடிய வாதம். ஆனால் எதிர்க்கட்சி சாட்சி அடுப்படியில் இருந்தார். இத்தனை வருடமாக அந்த சைபரை அவர் நம்பியதில்லை. உப்பளத்தில் ஒருவரும் நம்பியதில்லை. இதைப் பட்டமாக நினைத்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். சைபரை நம்பாமல் பழகிய ஒருவர், வேறு யாரோ செய்த ஒழுங்கான விமானத்தில் ஏறி, சிவப்பு லைட்டைப் பார்த்துவிட்டு இன்னொரு சுத்து போனால் என்ன ஆகும்?

சோறு வடிக்கிற வாசனை வந்தது. சக்கரபாணி போனை எடுத்தார்.

“சார், நாளைக்கு விடாதீங்க. ஒரு முள்ளு தப்பு.”

ஜெயசீலன் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இதுக்கா? விடுங்க. எண்ணெய் மிச்சம் இருந்தா யாரு புகார் சொல்லப் போறாங்க? யாருமே கண்டுபிடிக்கலையே.”

“எங்க வீட்ல கண்டுபிடிச்சுட்டாங்க.”

“அவங்க வெளியே சொல்வாங்களா?”

“ஊருக்கே தெரியும் சார். எனக்குத்தான் தெரியல.”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. “நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்குதுங்களா? இன்னொரு தப்புன்னா...”

“ஞாபகம் இருக்குது.”

“குரூப்ல சொன்னா கோயம்புத்தூர் பேனலைப் போடுங்கம்பாங்க. உங்க பேரு போயிடும்.”

“போனா போகட்டும். பொய் முள்ளு மேல மரக்காணம்னு எழுத வேணாம் சார்.”

ஜெயசீலன் குரூப்பில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பதில் வரும்வரை காத்திருப்பது சக்கரபாணியின் வழக்கமல்ல. சோறு தட்டில் இருந்தது. வரலாற்றில் முதல் முறையாக, யாரும் வரப்பில் ஓடிவந்து கூப்பிடாமலே அவர் சாப்பாட்டை ஆறவிட்டார். சைபரை நாலு விரல் இறக்கினார். அது சொல்வது போலச் சுலபமில்லை. அடியை இறக்கியதும் பாதி என்பது பாதியாக இல்லை, கால் என்பது காலாக இல்லை. முழு முள்ளையும் புதிதாக வளர்க்க வேண்டியிருந்தது. விமானத்தைத் திரும்பத் திரும்பக் கிளப்பி, எரிபொருளைச் சுத்தமாகத் தீர்த்து, வேண்டுமென்றே கழுவெளியில் விழவைத்தார். ஒவ்வொரு தடவையும் முள் சைபரைத் தொட்ட கணத்தில் இன்ஜின் இருமி நின்றது. நிற்கும்போதெல்லாம் அவர் கை பழக்கத்தில் ஸ்பேனரைத் தேடியது.

அமராவதி வந்து எட்டிப் பார்த்தார். “இன்னாங்க, தங்கராசு மாதிரி தண்ணியிலயே உட்டுக்கினு இருக்கீங்க?”

“இதான் சரி. நீ ஒரு தடவை ஓட்டிப் பாரு.”

அமராவதி ஓட்டினார். சிவப்பு லைட் எரிந்ததும் பழக்கப்படி கண்டுகொள்ளாமல் திரும்பினார். வலது இன்ஜின் நின்றது, இடது நின்றது. விமானம் அவருடைய சாம்பல் நிறப் பாத்தியின் நடுவில், இல்லாத மரங்களுக்கு இடையே, போய் விழுந்தது.

“அய்யய்யோ!” என்றார் அவர், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார். “நிஜமாவே சைபரா?”

“நிஜமாவே.”

“சொல்லிட்டு செய்யக் கூடாதா? பாத்தி நடுவுல போட்டுட்டேனே!”

மாலையில் ஜெயசீலன் அழைத்தார். குரூப்பில் பெரிய விவாதம் நடந்ததாம். யாரும் கண்டுபிடிக்காத தப்பைத் தானே வந்து சொன்ன ஆளை எடுத்துவிட்டு, கேட்டால் ‘எல்லாம் சரியாத்தான் இருக்குது’ என்று மட்டும் சொல்லும் ஆளை எப்படிப் போடுவது என்று, விமானத்துக்குச் சத்தம் செய்து கொடுக்கிற நார்வேக்காரர் கேட்டாராம். ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த திங்கட்கிழமை விமானம் வெளியானது. பேர் தெரியாத நாடுகளிலெல்லாம் யார் யாரோ அதைத் திறந்தார்கள். திறந்ததும் முதல் பக்கத்தில் மரக்காணம் இருந்தது. அன்று புயல் இல்லை. யாரும் சாகவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் சிறு விழா ஏற்பாடாகியிருந்தது. முகப்புப் பக்கத்தின் பிரிண்ட் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்தது. தங்கராசு தோல்வியை ஒப்புக்கொண்டு பேசுவதற்கு நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். முள் பற்றிய விஷயம் அவருக்கும் தெரியாது, அந்தோணிராஜுக்கும் தெரியாது. ஒரு வாரம் ஏன் தள்ளிப்போனது என்று கேட்டதற்கு, புதுச்சேரியில் நெட் சரியில்லை போல என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். மீசைக்காரரை எதிர்பார்த்து ஸ்பெஷல் டீ காத்திருந்தது.

சக்கரபாணி சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே, இத்தனை வருடம் வெயில் காணாத ஒரு பட்டைத் தோல், உப்பு மாதிரி வெள்ளையாக இருந்தது.

அந்தோணிராஜ் பாட்டை நிறுத்தினார். தங்கராசு நாலு வாக்கியத்தையும் மறந்து எழுந்து நின்றார். இந்தப் பக்கத்தில் ஒரு ஆம்பிளை மீசை எடுத்தால் அதற்கு ஒரே காரணம்தான்.

“இன்னாபா சக்கரபாணி... யாருப்பா? ஊர்ல அம்மாவா? சொல்லவே இல்லையே!”

“அம்மா நல்லா இருக்குது.”

“அப்புறம் யாரு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா. உக்காரு.”

“அப்ப மீசை?”

சக்கரபாணி கண்ணாடியில் ஒட்டியிருந்த தன் பேரைப் பார்த்தார். பதில் சொல்வதற்கு முன் வழக்கமாக மேலே போகும் கை, தன் பாட்டுக்குப் போனது. உதட்டின் மேல் எதையும் காணாமல் ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு இறங்கிவந்து டீ கிளாஸை எடுத்துக்கொண்டது.